ஒரு வாய் லிபெத் தண்ணீர்

"அக்கா லிபெத் தண்ணி கேக்குது, சாமி. நான் என்ன பண்ண?"

ராதிலோ இப்படிக் கேட்டபோது காட்டுத் துறவி சவ்வா சாமி குடிலுக்கு வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எப்போ கேட்டாங்க?"

"காலையில. நம்ம ஊர் லிபெத் தண்ணி ஒரு வாய் குடிச்சா நிம்மதியாப் போயிருவேன்னு சொல்லுது. பாதிரியார் வந்து நெத்தியில எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாரு. பொழுது சாயற வரைக்கும் தாங்கினாலே பெரிசு."

சாமி இன்னொரு கட்டையை எடுத்து அடுக்கில் வைத்தார்.

தண்ணீர்தானே, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இது பழைய ரூஸ் தேசத்துக் கதை. தெற்கே, புல்வெளியை ஒட்டி, கீவ் என்று பெரிய நகரம் இருந்தது. புல்வெளியிலிருந்து குதிரைக்காரர்கள் வருவார்கள், கொளுத்துவார்கள், போவார்கள். மறுபடி வருவார்கள். எத்தனை நாள்தான் பொறுப்பது? சனங்கள் குடும்பம் குடும்பமாக வடக்கே கிளம்பி, மாதக்கணக்காகக் காட்டுக்குள் நடந்து, மறுபக்கம் வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த சீமைக்கு 'காட்டுக்கு அப்பால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அங்கேயே பிறந்தவனுக்கு அது எதற்கும் அப்பால் இல்லை, வீடுதான். ஆனால் பெயர் வைத்தவர்களின் கண் தெற்கே பார்த்தபடியே இருந்தது. பாவம், என்ன செய்வார்கள்?

ஓடிவருகிறவன் எதைத்தான் கொண்டுவருவான்? கோயிலைத் தூக்கிவர முடியாது. ஆற்றைச் சுருட்டிவர முடியாது. பெயரைக் கொண்டுவந்தார்கள். பெயருக்குச் சுமைகூலி கிடையாது. புது ஊருக்குப் பழைய ஊரின் பெயர், புது மேட்டுக்குப் பழைய மேட்டின் பெயர். ஊசியிலை மரங்களுக்கு நடுவே சலசலத்த ஓர் ஓடைக்கு, கீவ் நகரத்தோரம் ஓடுகிற லிபெத் ஆற்றின் பெயர்.

ராதிலோவுக்கு அதுதான் ஆகாது.

"முழங்கால் நனையுற வாய்க்காலுக்கு லிபெத்தாம், பேரைப் பாரு" என்பான். அவன் வாயிலிருந்து அது எப்போதும் ஓடைதான். யாராவது லிபெத் என்றால், இருந்த இடத்திலேயே திருத்துவான்.

காரணம் இல்லாமல் இல்லை. ஊர் எரிந்த அன்று அவன் சின்னப் பிள்ளை. அப்பா அம்மா தீயோடு போனார்கள். அக்கா தோப்ராவாதான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு லிபெத்தைத் தாண்டினாள். அந்த ஆறு ஒன்றுதான் பிறந்த ஊரில் அவன் நினைவில் மிச்சம். மற்றதெல்லாம் புகை.

தச்சு வேலை பார்த்தான், பெண்டாட்டியைப் பறிகொடுத்தான், தாடி நரைத்தபின் சவ்வா சாமியிடம் வந்து சேர்ந்தான். சாமி அவனுக்கு மகன் வயது. இந்தக் காட்டிலேயே பிறந்தவர், தெற்கைக் கண்ணால் கண்டதில்லை. வயதில் மூத்தவன் என்பதால் சீடனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

சேர்ந்த அன்று ராதிலோ இனிப் பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தான். அதை எப்படிக் காப்பாற்றினான் என்று ஊரைக் கேட்க வேண்டும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, மீன் உப்புக் கரிக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொன்ன ஆள்.

இப்போது அக்கா லிபெத் தண்ணீர் கேட்கிறாள்.

சாமி விறகை விட்டுவிட்டு எழுந்தார். மரப்பட்டையில் செய்த குடுவை ஒன்றை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். ஓடையில் முக்கி எடுத்து, மேலேறி வந்து, ராதிலோ கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்க."

"இது ஓடைத் தண்ணி, சாமி."

"ஊர்ல இதை லிபெத்துன்னுதான் சொல்றாங்க."

"ஊரு ஆயிரம் சொல்லும். சாகப்போற அக்காகிட்ட நான் பொய் சொல்லவா? என்னைச் சுமந்து வளர்த்தவகிட்ட?"

சாமி நனைந்த கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

"அந்த லிபெத் எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான், ராதிலோவின் முகம் மாறிவிட்டது. அந்த ஆற்றைப் பற்றி அவனிடம் யாரும் இப்படி ஆற அமரக் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினான். அகலம் என்றால் அப்படி ஓர் அகலம், அக்கரையே தெரியாது. நடு ஆற்றில் நின்றால் நாலு பக்கமும் தண்ணீர்தான். அதன் இரைச்சலில் அக்கா பேசியதுகூட அன்றைக்குக் காதில் விழவில்லை. வெயில் படுகிற இடமெல்லாம் வெள்ளி. அப்படி ஓர் ஆற்றை இந்தக் காடு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

சாமி கடைசிவரை கேட்டார்.

"அப்போ நீங்க என்ன உயரம் இருந்தீங்க?"

ராதிலோவுக்குச் சுருக்கென்றது. பிறந்த ஊரை நினைத்து ஒருவன் உருகிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? தெற்கைப் பார்க்காதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். குடுவையைக் கவிழ்த்தான். தண்ணீர் பாசியில் இறங்கி மறைந்தது.

கும்பிடுகூடப் போடாமல் நடந்தான். வெறும் குடுவை கையிலேயே இருந்தது.

அக்காவின் மரவீடு ஓடைக்கரையில். கணப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெடித்துக் கிடந்தது. கண் மட்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தது.

"கொண்டாந்தியாடா?"

ராதிலோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வரும் வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கிவைத்ததைச் சொன்னான். லிபெத் மாதக்கணக்கு தூரத்தில் இருக்கிறது. போய்வர நாள் இல்லை. வாசலில் ஓடுவதை மொண்டுவந்து லிபெத் என்று நீட்ட அவனுக்கு மனசு வரவில்லை. கடைசி நேரத்தில் அவளை ஏமாற்றினால் அவனுக்கு அடுக்காது.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எனக்குத் தெரியாதாடா, இங்கேருந்து அங்க எவ்வளவு தூரம்னு? நடந்து வந்தது என் காலு."

அவன் விழித்தான்.

"அது என்ன பெரிய ஆறா? இதோ ஓடுதே, இவ்வளவுதான் அதுவும். அன்னிக்கு உன்னைத் தூக்கிட்டு இறங்கினேன். என் முழங்காலுக்குத்தான் தண்ணி. நீ சமுத்திரம் சமுத்திரம்னு கத்தி, என் முடியைப் பிடிச்சு இழுத்தே."

"இல்லேக்கா. அக்கரை தெரியாது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது ஞாபகம் இல்லடா. நான் சொன்னது."

வெளியே ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம் விட்டு விட்டுச் சொன்னாள். காட்டுக்குள் வரும்போது அவன் தினமும் அழுதானாம். அம்மா எங்கே, வீடு எங்கே என்று கேட்டானாம். இரண்டுக்கும் அவளிடம் பதில் இல்லை. ஆற்றைப் பற்றிப் பேசினால் மட்டும் அழுகை நின்றதாம். அதனால் ஆற்றைப் பற்றியே பேசினாளாம்.

"நீ அழும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அகலமாக்கிச் சொன்னேன். காடு முடியறதுக்குள்ள அக்கரை மறைஞ்சுபோச்சு."

இத்தனை வயதுவரை அவன் சுமந்து திரிந்த ஆறு, அக்கா அவனுக்காக வாயால் வெட்டிய ஆறு. அதை வைத்துக்கொண்டுதான் ஊரையே திருத்திக்கொண்டிருந்தான்.

"அப்போ எதுக்குக்கா என்கிட்டக் கேட்டே?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் உனக்குச் சொன்னேனே. எனக்கும் யாராவது ஒரு தடவை சொல்லுவாங்களான்னு பார்த்தேன்."

ராதிலோ எழுந்தான். குடுவை இன்னும் கையில்தான் இருந்தது. கிழவன் என்றும் பாராமல் சரிவில் ஓடினான். சாமி நிறைத்துக் கொடுத்த குடுவையை நானே கவிழ்த்தேனே, திரும்பிப் போகும்வரை இருப்பாளா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கரையில் முழங்கால் போட்டான். மொள்ளுவதற்காகக் குனிந்தான். முகம் தண்ணீருக்குப் பக்கத்தில் போனது, ஒரு சின்னப் பிள்ளையின் முகம் இருக்கிற உயரத்துக்கு. வெயில் நேரே கண்ணில் அடித்தது. கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எதிர்க்கரையைத் தேடினான்.

குடுவையோடு திரும்பினான். அக்காவுக்கு இன்னும் மூச்சு இருந்தது. தலையைத் தன் மடியில் ஏந்தி, குடுவையை அவள் உதட்டில் வைத்தான். ஒரு வாய் உள்ளே போயிற்று.

"எந்த ஆத்துத் தண்ணிடா?"

"லிபெத்துக்கா."

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"பெருசாப் போகுதா?"

"அக்கரையே தெரியலக்கா."