வாசலுக்குப் போட்ட மாலை

இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். இப்போதே நிமிர்ந்து உட்காருங்கள். நடுவில் கொட்டாவி விட்டவர்களுக்கு விடை கிடைக்காது.

எங்களுடையது பூக்காட்டு ஊர். நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகையும் செவ்வந்தியும் ஏற்றி அனுப்புகிறோம். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, சுற்றுவட்டாரத்தில் யார் கழுத்தில் மாலை விழுந்தாலும் அதில் பாதி எங்கள் பூதான். அப்படிப்பட்ட ஊரில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை தமயந்தி ஓய்வு பெறுகிறார் என்றால் சும்மா விடுவோமா? எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் 'அ' போடச் சொல்லித் தந்த பெரிய டீச்சர் அவர். ஓய்வு பெற்ற கையோடு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். பள்ளியின் முன்வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை மேளதாளத்தோடு கூட்டிப் போவதென்று ஊரே முடிவு செய்தது.

பெரிய டீச்சர் மூன்று பேரைக் கூப்பிட்டனுப்பினார். பூ வியாபாரி சவரிமுத்து அண்ணன், பள்ளியில் சத்துணவு சமைக்கிற பஞ்சவர்ணம் அக்கா, அப்புறம் நான். என் பெயர் இன்பராஜ். பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாலும் ஒன்றாம் வகுப்பில் அவர் வைத்த பெயர்தான் நிலைத்தது: மைக்செட்டு. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவேன்.

"எனக்கு யாரும் மாலை போடக் கூடாது. யார்கிட்டயும் பரிசு வாங்க மாட்டேன். என்னைப் புகழ்ந்து யாரும் பேசக் கூடாது. பக்கத்து ஊர் சாருக்கு விழா எடுக்கிறேன்னு பேசிப் பேசியே பிள்ளைங்க சோத்தை ஆற வச்சிட்டாங்க. இதுல ஒண்ணு மீறினாலும் நான் பின்வாசல் வழியா பஸ் ஏறிருவேன். உங்க மேளத்தை நீங்களே கேட்டுக்கோங்க. கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"நான் எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"நீதாண்டா முதல் ஆபத்து."

மூவரும் சத்தியம் செய்தோம்.

இங்கே பள்ளி வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விதியை மீறியவரைப் பெரிய டீச்சர் அடிக்க மாட்டார். பிள்ளைகள் கூடித் தண்டனை சொல்வார்கள்: பாட்டுப் பாடு, செடிக்குத் தண்ணீர் ஊற்று. மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். ஒருமுறை வகுப்பில் செல்போன் அடித்ததற்காகப் பெரிய டீச்சரே மைதானத்தை நொண்டியடித்துச் சுற்றினார்.

விழா நாள் வந்தது. பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு ஒரு மாலை தொங்கியது. யானைக்குப் போட்டாலும் மிஞ்சும்.

"என்ன சவரிமுத்து இது?"

"டீச்சருக்கா போட்டேன்? வாசலுக்குப் போட்டேன்."

பெரிய டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு அதன் அடியில் நடந்து உள்ளே போனார்.

அடுத்து மேடையில் நான். ஒரு வார்த்தை புகழவில்லை. பெரிய டீச்சரின் குரலை எடுத்து ஊரையே திட்டினேன்.

"சவரிமுத்து, கையைக் காட்டு! நகத்துக்குள்ள தோட்டம் போட்டிருக்கியே, பூ எப்ப பூக்கும்? அங்க யாரு, பஞ்சாயத்துத் தலைவரா? மூக்கைச் சிந்திட்டு வந்து கணக்கைப் போடு!"

சிரிப்பில் பந்தல் ஆடியது. கடைசியாக, "எல்லாரும் எந்திரி! கையைக் கட்டு!" என்றேன். அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர்கள்கூட அதை இறக்கிவிட்டு எழுந்து கைகட்டி நின்றார்கள். பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு சாப்பாடு. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. "ஒரு கரண்டி உத்தியோகம். அதுக்கு மேல வாங்கினா ஓசி" என்பது பெரிய டீச்சர் தினமும் சொல்வது. அன்று பஞ்சவர்ணம் அக்கா சொந்தக் காசில் முந்திரி போட்டுப் பாயசம் வைத்திருந்தார். உள்ளங்கையில் ஒரு கரண்டி விட்டார். பெரிய டீச்சர் கண்ணை மூடி உறிஞ்சினார். கண்ணைத் திறக்காமலே மறுபடி கையை நீட்டினார். அக்காவும் ஊற்றினார்.

"பரிசா கொடுக்கற?" என்று சுதாரித்துக் கேட்டார் டீச்சர்.

"ருசி பாருங்கன்னேன் டீச்சர். அது உங்க வேலையாச்சே?"

புறப்படும் நேரம். வெளியே மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் பையைத் தூக்கியவர் நின்றார்.

"யாரோ சத்தியத்தை மீறிட்டீங்க. யாருன்னு பிள்ளைங்க சொல்லட்டும். அப்புறம் பின்வாசல்."

"மைக்செட்டுதான்! ஊரையே எந்திரிக்க வச்சான்," என்றார் சவரிமுத்து அண்ணன்.

"எந்திரிச்சவங்க வாயைத் திறந்தாங்களா? உங்க மாலைதான் டீச்சர் தலைக்கு மேல தொங்குச்சு," என்றேன்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, டீச்சர் போகப் போறாங்க!" என்று பஞ்சவர்ணம் அக்கா கண்ணைத் துடைத்தார்.

மாலை, பேச்சு, பாயசம். எல்லாவற்றையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: சொன்ன வார்த்தையை மீறியது யார்?

விடை: மூன்றாம் வகுப்பு ஆமினா எழுந்து கைகட்டிச் சொன்னாள்: "நீங்கதான் டீச்சர். ரெண்டு கரண்டி வாங்கினீங்க. ஒண்ணுதான் உத்தியோகம்." மாலை வாசலுக்கு, பேச்சு திட்டு, முதல் கரண்டி வேலை. இரண்டாவது கரண்டிதான் பரிசு. அதைக் கேட்டு வாங்கியது பெரிய டீச்சரின் கைதான். பிள்ளைகள் கூடிக் குசுகுசுத்துத் தண்டனை சொன்னார்கள்: "மாலை போட்டுக்கிட்டு முன்வாசல் வழியா போகணும்!" மறுபேச்சுக்கு வழியில்லை. சவரிமுத்து அண்ணன் ஏணியில் ஏறி மாலையை இறக்கினார். வாசலுக்கு அளவெடுத்தது அல்லவா? சுற்றிச் சுற்றிப் போட்டதில் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. மேளம் முழங்கியது. பூவுக்குள்ளிருந்து, "டேய் மைக்செட்டு, சிரிக்காதடா!" என்று ஒரு குரல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியமாக அந்தக் குரல் நான் போட்டதல்ல.