வெறுந்தட்டில் எழுந்த மேடு

நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கிற தூசியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டால், தரையில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வீர்கள்?

பேராசிரியர் பத்மாசனி ஒரு வழி வைத்திருந்தார். குக்கர் அளவுக்கு ஓர் எஃகுக் கலம். உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, விண்வெளிக் குளிரை வரவழைத்து, கொஞ்சம் வாயுவை உள்ளே விட்டு ஒரு செப்புத் தட்டில் பனியாகப் படிய வைப்பார். அதில் ஒளி பாய்ச்சினால், பனிக்குள் என்னென்ன உருவானது என்று திரையில் மேடு மேடாகத் தெரியும். அந்தக் குளிரில் எதுவும் எதோடும் சேராது என்று எல்லாரும் சிரித்த காலத்தில் தொடங்கியவர். இன்று அதற்கென்றே ஊர் ஊராக ஆய்வுக்கூடங்கள்.

அவர் மாணவி பவளக்கொடியின் திரையில் புதிதாக ஒரு மேடு எழுந்தது. வானத்துத் தூசியில் தொலைநோக்கி காட்டுகிற அதே மேடு. மறுநாள் மாநாட்டில் அறிவிக்க வேண்டும். அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

"காலிக் கலத்தை ஓட்டிப் பார்த்தியா?" என்று கேட்டார் பத்மாசனி.

புதுப் பாத்திரத்தில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்து வாடை ஏறுகிறதா என்று பார்ப்போமே, அது மாதிரி.

நேரமில்லை என்றாள். வெளிநாட்டுக் குழு முந்திக்கொள்ளும் என்றாள். கையுறை போட்டுத்தான் தட்டைத் தொட்டதாகவும் சொன்னாள்.

பத்மாசனி பனியை உருக்கி வெளியேற்றினார். எதையும் உள்ளே விடாமல் கலத்தை மறுபடி குளிர வைத்தார். இருவரும் டீ குடித்தபடி காத்திருந்தார்கள்.

வெறுந்தட்டில் அதே மேடு எழுந்தது.

யோசனை வந்தால் பின்னலை முன்னால் இழுத்துத் தடவிக்கொள்வது பவளக்கொடியின் பழக்கம். கையுறை போட்டிருந்தாலும் அப்படித்தான். இப்போதும் பின்னல் கையில் இருந்தது. காலையில் வைத்த தேங்காய் எண்ணெய் விரலில் மினுங்கியது.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்" என்றார் பத்மாசனி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மாநாட்டுப் பேச்சை ரத்து செய்யச் சொல்ல ஃபோனை எடுத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே மேடம். அப்புறம் எப்படி நம்பினாங்க?"

"காலிக் கலத்தைத்தான் முதல்ல காட்டினேன்."

பவளக்கொடி ஃபோனைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் பனித்தட்டு, வெறுந்தட்டு ரெண்டு படத்தையும் காட்டுறேன். நீங்க முன்வரிசையில உட்காருங்க மேடம்."