கிடார் பிறந்த வருஷம்

மழையில் ஒழுகும் கூரையை மாற்றப் பெரம்பூர் ஃப்ளோராவுக்கு வேறு வழியில்லை. இறந்துபோன புருஷனின் கிடாரை விற்கத் துணிந்து, செல்வின் துரையைக் கூப்பிட்டாள். பழைய கிடார் எதுவானாலும் அந்த வியாபாரி சொன்னதுதான் ஊருக்கே வருஷம்.

துரை கிடாரின் தலைக்குப் பின்னாலிருந்த நம்பரைப் பார்த்தார். ஃபோனில் கம்பெனியின் பழைய பதிவுகளைத் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எண்பத்திரண்டாம் வருஷம்மா. பழசே இல்லை, பழசானாத்தான் விலை. ஐயாயிரம் தரேன்."

திருவிழா மேடையில், டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிகளுக்கு நடுவே புருஷன் சுருதி சேர்த்தது ஃப்ளோராவின் கண்ணில் வந்து நின்றது.

"எடுத்துக்குங்க சார். ரிப்பேர் பண்றவங்க கிடாருக்குள்ள தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவாங்களே, அதே மாதிரி எண்பத்திரண்டுன்னு எழுதி நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. இந்தாங்க, அழியாத பேனா."

துரை பேனாவோடு வட்ட ஓட்டைக்குள் கையை விட்டார். எழுதிவிட்டால் நாளைக்கு அவரே நினைத்தாலும் அதைப் பழைய கிடார் என்று விற்க முடியாது. கை உள்ளேயே நின்றுவிட்டது.

"அதே நம்பரை அறுபத்து நாலுலயும் போட்டிருக்காங்கம்மா. இது... அதுதான்."

"தெரியும் சார். எங்க வீட்டுக்காரரும் அதே வருஷம் பிறந்தவர்தான். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ அவரும் இப்படித்தான் வயசைக் குறைச்சுச் சொன்னார். அன்னைக்கும் நான் நம்பலை. இப்போ விலையைச் சொல்லுங்க."