சுண்டங்குறிச்சி நீலமான கதை

சுண்டங்குறிச்சிக்காரர்கள் யார் சொன்ன சொல்லையும் தட்டாதவர்கள். அவர்கள் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவர் மாசானமுத்துவுக்கு டவுனிலிருந்து மெர்சி என்ற பெண் போன் செய்தாள். உலகத்தில் எங்கே காடு, எங்கே வயல், எங்கே தண்ணீர் என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து இணையத்தில் வரைபடம் போடுகிறார்கள். அதில் அவளுக்கு வேலை.

“யார் வேணும்னாலும் பாக்கலாம், தப்பு இருந்தா திருத்தலாம் சார். உங்க ஊர் முழுக்க நீலமா, குளம்னு காட்டுது. படமும் தரையும் ஒண்ணா இருக்கணும். சரி பண்ணிடுங்க.”

செயற்கைக்கோள் படம் எடுத்த அன்று மழை வரும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. வெயில் கொளுத்தியும் ரேடியோவுக்கு மரியாதை கொடுத்து, ஊர் பூராவும் நீலத் தார்ப்பாய் விரித்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் கூட்டம் கூடியது.

“படத்தத் திருத்தலாம்னா நம்ம ஊரு கடுகளவுல்லா இருக்கு?” என்றார் மாசானமுத்து, போனில் படத்தைக் காட்டி. “விரல வச்சா பக்கத்து ஊரும் சேந்து மறையுது.”

டீக்கடை இசக்கிப்பாண்டி யோசித்தார். “அப்போ தரையத் திருத்துவோம்வே. அது பெருசா இருக்கு. கைக்கு வசதி.”

“என் கத்தரித் தோட்டம்?” என்று கேட்டாள் பேச்சிக்கனி. கடன் வாங்கிப் போட்ட தோட்டம். மறுநாள்தான் முதல் பறிப்பு.

“படத்துல கத்தரிக்கா இல்லையே தாயி,” என்றார் தலைவர், வருத்தத்தோடு.

வாய்க்கால் மடையை ஊருக்குள் திறந்துவிட்டார்கள். விடிவதற்குள் முழங்கால் தண்ணீர். கட்டில் மேல் அடுப்பு ஏறியது, கூரை மேல் கோழி ஏறியது. இசக்கிப்பாண்டி மிதக்கும் அண்டாவைத் துரத்திக்கொண்டே டீ ஆற்றினார். பேச்சிக்கனி தண்ணீருக்குள் குனிந்து தடவித் தடவிக் கத்தரிக்காய் பறித்தாள்.

மத்தியானம் மெர்சி மறுபடி கூப்பிட்டாள். “நன்றி சார். பெரு நாட்டுல ஒருத்தர் பழைய படத்தோட ஒப்பிட்டுத் திருத்திட்டார். இப்போ உங்க ஊர் பச்சையா, சரியா இருக்கு.”

தலைவர் குனிந்து தண்ணீரில் ஊறிய தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு போனில் படத்தைப் பார்த்தார். பச்சைதான்.

“அங்க வடிஞ்சிட்டு. இங்க ஏன் வடியல?” என்றார்.

“போன நேரா பிடிச்சிருக்கீரே, எப்படிவே வடியும்?” என்றார் இசக்கிப்பாண்டி. “தெக்கால சாச்சுப் பிடியும்.”

தலைவர் சாய்த்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு எருமை, ஊருக்குத் தெற்கே தண்ணீரை மறித்து நின்ற கரையை மிதித்து உடைக்க, தண்ணீர் சலசலவென்று ஓட ஆரம்பித்தது.

“இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடியும்,” என்றது கூட்டம்.

“அதிகமா சாய்ச்சா வீடும் சறுக்கிரும்,” என்றாள் பேச்சிக்கனி. அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான். ஓடிப்போய்த் தன் வீட்டுத் தூணைக் கயிற்றால் புளியமரத்தோடு இறுக்கிக் கட்டினாள்.

எல்லாரும் அவள் புத்தியை மெச்சினார்கள். புளியமரத்தை எதோடு கட்டுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.