அடகு வைத்த விகடன்

முன்னொரு காலத்தில், ஐந்து குட்டி நாடுகள் ஒரே குடையின் கீழ் சேர்ந்த புதிதில் நடந்த கதை இது. சேரும்போது கட்டித் தழுவிக்கொண்டவர்கள், சேர்ந்து நடத்திய போரின் செலவில் யார் பங்கு எவ்வளவு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேட்டாற்று நாடு ஆயிரம் பொன் தர வேண்டும் என்றது பொதுக் கருவூலம். ஒரு காசும் கடனில்லை என்றது நாடு. வழக்குத் தீரும்வரை பிணையாக ஓர் ஆளைத் தலைநகரில் விட வேண்டும் என்று ஏற்பாடு. அப்படி வந்து மாட்டிக்கொண்டவன்தான் விகடன் செவ்வந்தியப்பன்.

அவன் கிளம்பும்போது மனைவிக்கு ஏழாம் மாதம். இப்போது மகளுக்கு ஏழு வயது நடக்கிறது; இன்னும் முகம் பார்த்ததில்லை. பிணையாக வந்த இடத்தில் அரசவை விகடனாகவும் ஆகிவிட்டான். தினமும் அவையைச் சிரிப்பில் உருட்டிவிட்டு, வடக்கு வாசலுக்குப் போய் நிற்பான். அதைத் தாண்ட அனுமதியில்லை. ஊர்ப்பக்க வண்டிக்காரர்களிடம், "எம்பொண்ணு எப்படி இருக்கா? என்னைக் கேட்டாளா?" என்பான். பாவம், ஏங்கியே இளைத்துவிட்டான்.

கருவூலத் தலைவர் ஏனாதியாருக்கோ அரசர் அவனிடம் காட்டும் பிரியம் கண்டு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் பழைய வழக்கு மறுபடி அவைக்கு வந்தது. அரசர் எரிச்சலாகி, "கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது! இரு தரப்பும் சொல்வது மெய்யாகும்படி எவனாவது தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார்.

"விகடரே சொல்லட்டும், அரசே. தவறினால் ஆயுள் முழுதும் இங்கேயே பிணையாகக் கிடக்கட்டும்" என்றார் ஏனாதியார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

செவ்வந்தியப்பன் வணங்கி, "ஏனாதியாரே, அடகு பிடித்த பசுவைக் கறந்து குடித்தால்?" என்று கேட்டான்.

"பாலின் விலையைக் கடனில் கழிக்க வேண்டும். ஊரறிந்த வழக்கமாயிற்றே!"

"எனக்கு முன்பிருந்த விகடருக்குச் சம்பளம்?"

"மாதம் பதினைந்து பொன். உமக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. எல்லாம் என் சிக்கனம்!" ஏனாதியார் மீசையை முறுக்கினார்.

"அரசே, நான்தான் அந்த அடகுப் பசு. ஏழாண்டாகத் தாங்கள் கறந்தது சிரிப்பு. விலை ஆயிரத்து இருநூற்று அறுபது பொன். ஆயிரம் பொன் கடன் என்று கருவூலம் எழுதியதும் மெய். இன்று கடனில்லை என்று நாடு சொல்வதும் மெய்."

ஏனாதியாரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "மிச்சத்தை இரட்டிப்பாகத் தருகிறேன். நம்மோடே இரும்!"

"அரசே, ஊரையே சிரிக்க வைத்தேன். என் மகள் சிரித்து ஒருநாளும் கேட்டதில்லை."

அரசர் மெல்லச் சிரித்தார், கண்தான் கலங்கியிருந்தது. பொன்மூட்டையைத் தம் தேரிலேயே ஏற்றச் சொல்லிவிட்டு, பாகனிடம், "குதிரைகளை விரட்டு. குழந்தை தூங்கிவிடுவதற்குள் இவர் வீடு போய்ச் சேர வேண்டும்" என்றார்.