இறுக்கிக் கட்டின ஒயர்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். அங்கே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் தண்டபாணி. வேலை பார்த்த நூல்மில்லை மூடினபிறகு, ஐம்பத்திரண்டு வயசில் புதுசாய்த் தொழில் படித்த மனுஷர். படிப்பித்தது பூங்கொடி, மாசாமாசம் ஜெனரேட்டரைச் சோதிக்க வருகிற மெக்கானிக். அவளுக்கு முப்பத்திரண்டுதான். குரு சிஷ்யரை அண்ணா என்பாள். சிஷ்யர் குருவை மேடம் என்பார். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துப் பத்தே நிமிஷத்தில் நின்றது. தலைகீழாய் நின்று பார்த்தும் திரும்ப எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம். பொரிப்புப் பெட்டிகளில் விசிறி ஓடாமல் புழுங்கி, அன்றைக்குப் பொரிந்த குஞ்சு பூராவும் செத்துப்போயிற்று. ஒன்றா இரண்டா! கூடை கூடையாய் அள்ளி வெளியே கொட்டினது தண்டபாணிதான். ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பூங்கொடி வந்து, மீட்டரை வைத்துப் பார்த்து, ஒரு ஒயரைக் கழற்றினாள். கன்ட்ரோல் பெட்டியிலிருந்து, எஞ்சினுக்கு டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் போகிற ஒயர். மேலே ஒரு கீறல் இல்லை. வளைத்தாள். ஒரே இடத்தில் துவண்டு மடங்கியது. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

"தினமும் பார்த்தேனுங்களே மேடம்!"

"பார்த்தீங்க. தொட்டுப் பார்க்கலை."

வேறு ஒயரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டாள்.

"ஒரு கையை எஞ்சின் மேல வைங்கண்ணா. இன்னொரு கையைக் கன்ட்ரோல் பெட்டி மேல வைங்க."

வைத்தார். எஞ்சின் மேலிருந்த கை தோள் வரைக்கும் அதிர்ந்தது. பெட்டி மேலிருந்த கை சும்மா கிடந்தது.

"இது ரெண்டுக்கும் நடுவால ஒயர் எப்படி இருக்கோணும்?"

தண்டபாணிக்கு விளங்கிவிட்டது. போன மாசம் ஆயுத பூஜைக்கு எஞ்சினைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, தொங்கின ஒயர்களையெல்லாம் விறைப்பாய் இழுத்துக் கட்டினது அவர்தான். சாமி கும்பிடுகிற இடத்தில் தொளதொளவென்று கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று.

"கொஞ்சம் தொங்கோணுமுங்க" என்றார்.

எஞ்சினை நிறுத்தினாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஜெனரேட்டர் அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

"நானே கொன்னுட்டேனுங்க மேடம். இதை முதலாளிகிட்டக் குடுத்துருங்க. நான் போறேன்."

அவள் வாங்கவில்லை.

"பூஜையன்னிக்கு என்னைக் கூப்பிட்டுப் பொரியும் சுண்டலும் குடுத்தீங்க. இந்த ஒயரையும் காட்டினீங்க. நான் என்னங்கண்ணா சொன்னேன்?"

"அழகா இருக்குதுன்னீங்க."

"இறுக்கிக் கட்டினா ஒரு நாளைக்கு அறுந்துரும்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். சாவியை உள்ளே வைங்க. முதலாளிகிட்டப் போக வேண்டியது நான்."

தண்டபாணி அவளையே பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏனுங்க மேடம் சொல்லலை?"

பூங்கொடி அறுந்த ஒயரைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"பெரியவரு நீங்க, ஆசையாக் கட்டியிருக்கீங்க, சொன்னா முகம் வாடிப்போகுமேன்னு நினைச்சேன். குஞ்சுகளை நினைக்கலைங்கண்ணா."