எட்டு என்று சொன்ன சருகுமான்

பூதப்பாறைக் காட்டில் நொச்சி என்று ஒரு சருகுமான் இருந்தது. உருவம் முயல் அளவுதான். அந்தச் சின்ன உடம்பு முழுக்கப் பயம். இலை விழுந்தால் நடுங்கும். விழாவிட்டால், ஏன் இன்னும் விழவில்லை என்று நடுங்கும்.

இப்பேர்ப்பட்ட நொச்சி காட்டுச் சபையில் ஓர் உறுப்பினர்! புதரடியில் வாழும் சின்ன உயிர்களுக்குச் சபையில் ஓர் இடம் தர வேண்டும் என்பது சட்டம். எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்து அந்த இடத்தில் உட்கார வைப்பது வழக்கம். அதற்கு நொச்சியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

நொச்சிக்கு ஒரே குட்டி. பெயர் குன்றி. போன மழைக்குப் பிறந்தது. குன்றிக்காகத்தான் நொச்சி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

அந்தக் காட்டில் ஒரு பொதுப் பள்ளிக்கூடம் இருந்தது. மலைச்சரிவில் நின்ற பெரிய வேங்கை மரம்தான் பள்ளிக்கூடம். உச்சிக் கிளையில் மந்தி வாத்தியார் உட்கார்ந்திருப்பார். ஒரு கண் குட்டிகள் மேல் இருக்கும், மறு கண் காட்டின் மேல் இருக்கும். தூரத்தில் புலியோ சிறுத்தையோ அசைந்தால், "கக்! கக்!" என்று கத்துவார். அந்தச் சரிவு முழுவதும் அவர் கண்ணை நம்பித்தான் மேய்ந்தது.

எந்தக் காய் விஷம், எந்தத் தடம் யாருடையது என்றெல்லாம் குட்டிகள் அங்கே கற்றன. மழை தொடங்கியதும் 'காதுப் பாடம்' வரும். அதுதான் பெரிய பாடம். ஆபத்து வந்தால் எந்த இனம் எப்படிச் சத்தம் போடும், அதைக் கேட்டால் ஓட வேண்டுமா, ஒடுங்கிக் கிடக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் வரும்.

இதை வீட்டில் சொல்லித் தரலாமே என்று நீங்கள் கேட்கலாம். சருகுமான் வீட்டில் முடியாது. ஆபத்து என்றால் சருகுமான் குளம்பால் தரையைப் படபடவென்று தட்டும். வீட்டு வாசலில் தட்டிக் காட்டினால் பொந்து இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடுமே! வாத்தியார் உச்சியில் காவல் இருக்கும்போது, வேங்கை மரத்தடியில் மட்டும்தான் தட்டிக் காட்டுவார்கள். சருகுமான்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் படித்தன. குன்றி இதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

நாள் முழுக்க மரத்தில் இருக்கும் வாத்தியார் எப்போது இரை தேடுவார்? அதற்குத்தான் பொதுக் குகை. காட்டில் ஒவ்வொரு குடும்பமும் தேடியதில் பத்தில் ஒரு பங்கை அங்கே கொண்டு வந்து கொட்டும். மூங்கிலரிசி, தேன், கிழங்கு, நெல்லிக்காய். கோடையில் சபை கூடி, இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று பிரிக்கும். மனிதர்கள் பட்ஜெட் என்கிறார்களே, அதேதான். கூச்சலும் கைதட்டலும்கூட அப்படியே.

குகைக்குப் பொருளாளர் ஒரு கரடி. பெயர் கருமன்.

பள்ளிக்கூடத்தின் பங்கு குட்டிகளின் தலை எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் எண்ணுவார்கள். பத்துக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடலாம் என்று விதி. எந்த நாளில் எண்ணுவது என்பது பொருளாளர் விருப்பம்.

கருமன் தேர்ந்தெடுத்தது எந்த நாளை தெரியுமா? இலுப்பைப் பூ கொட்டும் முதல் நாளை! அன்றைக்கு எந்தக் குட்டி பள்ளிக்குப் போகும்? காடே இலுப்பை மரத்தடியில் கிடக்கும். இது கரடிக்குத் தெரியாதா என்ன? இலுப்பைப் பூ என்றைக்கு விழும் என்பது கரடியைவிட யாருக்குத் தெரியும்?

கணக்குப்பிள்ளை கீரி வேங்கை மரத்தடியில் நின்று எண்ணியது. "ஆறு... ஏழு... எட்டு! அவ்வளவுதான் ஐயா!"

சபை உறுப்பினர் ஒருவர் ஈர மண்ணில் குளம்பு பதித்துச் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு நொச்சியை அழைத்து வந்திருந்தார்கள். எட்டில் ஒன்று குன்றி. கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று பயந்து, நொச்சி அதைப் பூ பொறுக்க விடவில்லை.

நொச்சி மெல்ல வாயைத் திறந்தது. "அண்ணே... மொத்தம் அறுபத்து நாலு பிள்ளைங்க படிக்குது. இன்னிக்குப் பூ கொட்டுது. அதனாலதான்..."

கருமன் திரும்பிப் பார்த்தது. பல் தெரியச் சிரித்தது. "நொச்சிம்மா, உன் பொந்து அந்தப் பெரிய கரையான் புத்துக்குக் கீழதானே இருக்கு?"

"ஆமாண்ணே."

"நல்ல புத்து. நான் இன்னும் அந்தப் பக்கம் தோண்ட வரல."

கருமன் தன் நகங்களை ஒரு தடவை நக்கிக்கொண்டது. நொச்சி அந்த நகங்களைப் பார்த்தது. குன்றி சுருண்டு தூங்கும் பொந்து நினைவுக்கு வந்தது. சத்தமில்லாமல் போய்க் குளம்பைப் பதித்தது.

பத்து நாள் கழித்துச் சபை கூடியது. காட்டெருமைத் தலைவர் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கருமன் எழுந்து நின்று முழங்கியது.

"நம் தலைவர் பொறுப்பேற்றுப் பத்து வருஷம்! அதைக் கொண்டாட, நீர்த்துறைக்குப் போகிற வழியில மூங்கில் வளைவு! யானையே நிமிர்ந்து போகலாம்!"

"ஆகா! ஆகா!" என்று சபை ஆர்ப்பரித்தது.

"வேங்கை மரப் பள்ளியில எண்ணிப் பார்த்தோம். எட்டே எட்டுக் குட்டிங்க! எட்டுக் குட்டிக்கு ஒரு வாத்தியாரா? எட்டுக் குட்டிக்கு ஒரு முழுப் பங்கா? அந்தப் பங்கு இனி வளைவு கட்டுறவங்களுக்கு! பள்ளிக்கூடத்தை நாங்க மூடல! மூடவே இல்ல! இருட்டுப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோட சேர்க்கிறோம்! வாத்தியாரும் அங்கேயே போயிடுவார்!"

மந்தி வாத்தியார் கிளையிலிருந்து குதித்தார். "ஐயா, இது அநியாயம்! நாளைக்கே மறுபடி எண்ணிப் பாருங்க! இருட்டுப்பள்ளத்துல சிறுத்தை இருக்கு. குட்டிங்க அது வழியாவா தினமும் நடக்கணும்?"

"நடந்தா கால் பலப்படும்!" என்றது கருமன். சபை சிரித்தது. கரடிக்கு என்ன கவலை? அதன் குட்டிகள் அம்மா முதுகில் ஏறிக்கொண்டு போய்விடும்.

காட்டெருமைத் தலைவர் கெட்டவர் அல்ல. சோம்பேறி, அவ்வளவுதான். "சாட்சி யாரு?" என்று கேட்டார்.

எல்லாத் தலைகளும் நொச்சி பக்கம் திரும்பின. நொச்சியின் கால்கள் நான்கும் வெடவெடத்தன. அறுபத்து நாலு! அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது வெளியே வந்திருந்தால் போதும். தலைவர் மறுநாளே எண்ணச் சொல்லியிருப்பார்.

பக்கத்தில் கருமன் நகத்தால் மண்ணைக் கீறியது. சர்... சர்...

"அன்னிக்கு இருந்தது எட்டுதாங்க ஐயா," என்றது நொச்சி.

அது பொய் இல்லை. அன்றைக்கு இருந்தது எட்டுதான். ஆனால் எந்தப் பொய்யும் அந்தக் காட்டுக்கு அவ்வளவு கெடுதல் செய்ததில்லை. வாத்தியார் நொச்சியை ஒரு பார்வை பார்த்தார். ஏச்சு வாங்கியிருந்தால்கூட நொச்சிக்கு அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் அவர் குடும்பத்தோடு இருட்டுப்பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டார். வேங்கை மரம் காலியானது.

முதல் வாரம் முப்பது குட்டிகள் பள்ளத்தில் இறங்கின. அங்கே பகலிலும் வெளிச்சம் சரியாக இறங்காது. நொச்சி குன்றியை உரசியபடியே கூட நடக்கும். ஒவ்வொரு புதரும் மூச்சு விடுவது போலிருக்கும். ஒரு காலை, ஈர மண்ணில் ஒரு தடம் தெரிந்தது. உருண்டையான தடம். அதில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் தடத்தை வைத்த கால் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறது!

அன்றோடு நொச்சி குன்றியை நிறுத்திவிட்டது. மற்ற தாய்மார்களும் நிறுத்தினார்கள். ஒரு மாதத்தில் பள்ளத்தைத் தாண்டியவை கரடிக் குட்டிகள் மட்டுமே.

மழை வந்தது. அக்கரையில் காதுப் பாடம் தொடங்கியிருக்கும். இக்கரையில் குட்டிகள் சும்மா திரிந்தன. பழகிய இடம் என்று பாழும் வேங்கை மரத்தடியிலேயே கூடி விளையாடின. உச்சிக் கிளையில் யாரும் இல்லை என்பதைக் குட்டிகள் கவனிக்கவில்லை. கவனித்த ஒருவன் இருந்தான்.

ஒரு மாலை மலைச்சரிவில் மூடுபனி இறங்கியது. குன்றியைத் தேடி வந்த நொச்சி ஒரு புல்மேட்டின் பின்னால் அப்படியே உறைந்து நின்றது. பத்தடி தூரத்தில், புல்லோடு புல்லாக, சிறுத்தை படுத்திருந்தது! அதற்கு அப்பால் மரத்தடியில் நாற்பது குட்டிகள். நடுவில் குன்றி, ஒரு முயல்குட்டியைத் துரத்திக்கொண்டு.

சிறுத்தை தலையைத் திருப்பவில்லை. மெல்லிய குரலில் பேசியது.

"வா நொச்சி. எட்டுன்னு சொன்னது நீதானே?"

நொச்சி குன்றியையே பார்த்தது.

"பள்ளத்துல கிடந்துக்கிட்டு எத்தனை வருஷம் அந்த மரத்தை வெறிச்சுப் பார்த்திருப்பேன்! அந்த மந்தி கண்ணுல படாம ஒரு அடி எடுத்து வைக்க முடிஞ்சதா? நீ ஒரு வார்த்தை சொன்னே. வழி திறந்துடுச்சு. உனக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டேன். எப்பவும்போல வாயை மூடிக்கிட்டு நில்லு, போதும்."

நொச்சி நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம், பாவி, நின்றுவிட்டது. சிறுத்தையின் பின்னங்கால்கள் மெல்லக் குறுகின. வால் நுனி துடித்தது.

அப்போதுதான் நொச்சியின் உடம்பில் ஏதோ அறுந்தது. குளம்பை ஓங்கித் தரையில் அடித்தது. படபடபடபட! வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து அடித்தது.

விளையாடிக்கொண்டிருந்த குட்டிகள் மிரண்டு, விழுந்தடித்து நாலா பக்கமும் சிதறின.

குன்றி நின்றது. காதை உயர்த்தியது. அந்தச் சத்தம் கேட்டால் சருகுமான் குட்டி இருந்த இடத்தில் சருகோடு சருகாக ஒட்டிக் கிடக்க வேண்டும். அசையக் கூடாது. காதுப் பாடத்தில் அதுதான் முதல் நாள் பாடம். குன்றிக்கு அதை யார் சொன்னார்கள்? பனிக்குள்ளே அம்மாவின் கால் தெரிந்தது. அம்மா தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தது.

"அம்மா!" என்று சத்தம் வந்த பக்கமே ஓடி வந்தது.

நேரே வந்தது. சிறுத்தை இருந்த புல்லுக்கே வந்தது.

"வராதே! படு! படுத்துக்கோ!" என்று நொச்சி கதறியது. எழும்பியதே ஒரு கீச்சுக் குரல்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை சபைப் பாறைக்கு நொச்சி தானாகவே வந்தது. யாரும் அழைக்கவில்லை. காட்டெருமைத் தலைவருக்கு நேர் எதிரே போய் நின்றது. கால்கள் நடுங்கவில்லை.

"ஐயா, பள்ளிக்கூடத்துல படிச்சது அறுபத்து நாலு பேர். பூ கொட்டுற நாளாப் பார்த்து எண்ணினாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எட்டுன்னு சொன்னேன். நேத்து என் குன்றியைச் சிறுத்தை தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு."

கருமன் உறுமியது. "நொச்சி! உன் பொந்து எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. போய்த் தோண்டிக்கோ!" என்றது நொச்சி. "உள்ள யாரும் இல்ல!"

பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்ற தாய்மார்கள் ஒவ்வொருவராக நொச்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். தலைவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார், பாறையிலிருந்து இறங்கினார். கட்டி முடியாத வளைவைத் தன் கொம்பாலேயே இடித்துத் தள்ளினார். பொதுக் குகையின் பொறுப்பைக் கருமனிடமிருந்து பிடுங்கினார். பள்ளிக்கூடத்தின் பங்கு அன்றைக்கே திரும்பி வந்தது, இரண்டாம் நாள் மந்தி வாத்தியாரும் திரும்பி வந்தார்.

வேங்கை மரத்தடியில் மறுபடி காதுப் பாடம் தொடங்கியது. சருகுமான் முறை வந்தபோது தட்டிக் காட்ட யாரும் முன்வரவில்லை. நொச்சி முன்னால் போனது. அறுபத்து மூன்று குட்டிகள் பார்த்துக்கொண்டிருக்க, குளம்பால் படபடவென்று தட்டியது. குட்டிகள் எல்லாம் சட்டென்று தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. நொச்சி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது, அழுதது.

தன் பிள்ளையைக் காப்பதாக நினைத்து ஊர்ப் பிள்ளைகளின் பங்கு பறிபோகும்போது வாயை மூடிக்கொள்பவர், கடைசியில் தன் பிள்ளையையும் காக்க மாட்டார்.